மாப்பிள்ளை பார்த்த நீர்யானை

சொட்டு மருந்து விட்டுட்டாங்களா அண்ணாச்சி? எரியுதா? முதல்ல அப்படித்தான் எரியும். கண்ணை மூடிக்கிட்டு அப்படியே சாஞ்சு உக்காருங்க, சரியாயிரும். எனக்கு விட்டுக் கொஞ்ச நேரமாச்சு. அந்த நர்சம்மா கண்ணை மூடச் சொல்லுச்சே தவிர வாயை மூடச் சொல்லல, அதனால நாம பேசலாம். நம்ம பேரு குருவலிங்கம். கோவில்பட்டியில பாத்திரக்கடை. இப்ப பையன் பாத்துக்கிறான்.

அந்தச் சத்தம் கேக்குதா உங்களுக்கு? பின்னால யாரோ பிள்ளைக்குப் போன்ல கார்ட்டூன் போட்டுக் குடுத்திருக்காங்க. டொய்ங்... பொத்... கேட்டீங்களா? கண்ணு மூடியிருந்தாலும் எனக்கு அம்புட்டும் தெரியுது. எவனோ உசரத்துலருந்து விழுறான். விழுந்துட்டான். இப்ப எந்திரிப்பான் பாருங்க. ஆங், எந்திரிச்சுட்டான். உடம்புல ஒரு கீறல் இருக்காது.

எனக்கு அதெல்லாம் பிடிக்காது, முதல்லயே சொல்லிடுறேன். சிரிப்பு நமக்கு ஆகாது. நான் கடையில உக்காந்திருந்தா பேரம் பேசவே யோசிப்பாங்க, முகம் அப்படி. ஆனா என் தங்கச்சி கல்யாணத்தை ஒரு கார்ட்டூன் படுத்துன பாடு இருக்கே, அதை நான் யார்கிட்டயாவது சொல்லாட்டி எனக்கு ஆறாது. கேளுங்க. எப்படியும் உங்களால எந்திரிச்சுப் போக முடியாது.

எங்க அப்பா போனப்ப எனக்கு மீசை சரியா முளைக்கல. மறுநாளே கடைச் சாவி என் கையில. வீட்டுல அம்மா, நான், தங்கச்சி செண்பகம், மூணே பேரு. இந்த செண்பகம் இருக்காளே, நல்ல பிள்ளை, தங்கமான பிள்ளை, எனக்கு அவன்னா உசுரு. ஒரே ஒரு குறை. சிரிப்பா. லேசுப்பட்ட சிரிப்பு இல்ல. வாயைத் திறந்தான்னா தெருக்கோடியில நிக்கிற மாடு திரும்பிப் பாக்கும். அப்பா செத்து வருசம் திரும்பல, வீட்டுக்குள்ள பல்லி ரெண்டு சண்டை போட்டு ஒண்ணு சாம்பார்ல விழுந்துச்சுன்னு சிரிச்சா பாருங்க, பக்கத்து வீட்டுல சன்னலைச் சாத்துனாங்க. அப்பவே நான் முடிவு பண்ணிட்டேன், இந்த வீட்டுல ஒருத்தனாவது பொறுப்பா இருக்கணும்னு. அன்னையிலேருந்து நான் சிரிச்சதே இல்ல.

அன்னையிலேருந்துதான் எனக்கு இந்த இருமலும். விநோதமான இருமல் அண்ணாச்சி. தும்மலும் இல்ல, கனைப்பும் இல்ல. அடிவயித்துலேருந்து கிளம்பும், தோள் ரெண்டும் குலுங்கும், கண்ணுல தண்ணி கொட்டும். டாக்டர்கிட்ட காட்டினேன். எப்பல்லாம் வருதுன்னு கேட்டாரு. யாராவது வழுக்கி விழுந்தா வருதுன்னேன். ஒரு மாதிரி பாத்துட்டு சிரப்பு எழுதிக் குடுத்தாரு. கேக்கல.

சரி, கதைக்கு வர்றேன். செண்பகத்துக்கு மூணு இடம் வந்துச்சு, மூணும் சிரிப்பாலயே போச்சு. முதல் இடம், மாப்பிள்ளையோட பெரியப்பா மடக்கு நாற்காலியில உக்காந்தாரு, நாற்காலி மடங்கிருச்சு, அவரும் கூடவே மடங்கிட்டாரு. அடுத்த இடம், மாப்பிள்ளை காபியை உறிஞ்சுன சத்தம். அதுக்கடுத்த இடத்துல ஒண்ணுமே நடக்கல. எல்லாரும் நல்லபடியா உக்காந்திருந்தாங்க. இவ தலைகுனிஞ்சு நின்னவ, நிமிந்து என் முகத்தைப் பாத்தா. அவ்வளவுதான். எனக்கு அந்த நேரம் பாத்து இருமல் வந்திருந்துச்சு, நான் வேட்டி நுனியை வாயில வச்சிக்கிட்டிருந்தேன். அண்ணன் இருமுறதுல என்ன சிரிப்பு? சொல்லுங்க. வந்தவங்க சொஜ்ஜியைத் தொடாம எந்திரிச்சுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டுட்டா. "அண்ணே, இனிமே என்னை நடுவீட்டுல நிறுத்தாத. தெருவுல தலைகாட்ட முடியல. எனக்குக் கல்யாணமே வேண்டாம்"னு அழுதா. சிரிக்கிற பிள்ளை அழுதா நம்மால தாங்க முடியாது அண்ணாச்சி.

அப்பத்தான் அருப்புக்கோட்டை இடம் வந்துச்சு. பையன் பேரு தனுஷ்கோடி. சர்வேயர். ஊர் ஊரா நிலம் அளக்குற வேலை. அவனுக்கும் அப்பா இல்ல, அம்மா வடிவம்மாள் வளத்த பிள்ளை. அந்தம்மா பேச்சே கறாரா இருக்கும். பையன் அதுக்கு மேல. சிரிச்சு யாரும் பாத்ததில்லன்னு தரகர் பெருமையாச் சொன்னாரு. எனக்கு அந்த இடம் பிடிச்சுப்போச்சு. எங்க பக்கமெல்லாம் அப்ப ஒரு பழக்கம் உண்டு, வீட்டுல வச்சுப் பாத்து வேண்டாம்னா பொண்ணுக்குப் பேர் கெட்டுப் போகும்னு, கோயில்ல இல்லாட்டி சினிமாக் கொட்டகையில வச்சு நைசாப் பாப்பாங்க. பொண்ணு வீட்டாரு தற்செயலா வந்த மாதிரி வருவாங்க, மாப்பிள்ளை வீட்டாரும் தற்செயலா வந்த மாதிரி வருவாங்க. பிடிச்சா மேற்கொண்டு பேச்சு. பிடிக்காட்டி ஆளுக்கொரு பஸ்.

ரெண்டு ஊருக்கும் பொதுவா சாத்தூரை வச்சோம். அங்க ஒரு கொட்டகை, சொர்ணம் டாக்கீஸ். படத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். சும்மா இல்ல, நாலு ஊர்ல விசாரிச்சுத் தேர்ந்தெடுத்தேன். இந்த ஜில்லாவுலயே எந்தப் படத்துல அழுகை சாஸ்தின்னு. சொர்ணத்துல ஓடுற படத்துல கதாநாயகிக்கு முதல் காட்சியிலயே காசநோய். அப்புறம் குழந்தை தொலையும், வீடு ஏலம் போகும், புருசனுக்குப் பைத்தியம் பிடிக்கும். பாத்துட்டு வந்தவன் ஒருத்தன் எங்கிட்ட கதை சொல்லும்போதே மூக்கைச் சிந்துனான். இந்தப் படத்துல என் தங்கச்சி எங்க சிரிச்சுருவா? என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

படத்துக்கு முன்னால ஒரு கார்ட்டூன் போடுவாங்கன்னு ஒரு பாவியும் எனக்குச் சொல்லல.

கொட்டகை எப்படின்னா, நடுவுல இடுப்பளவு சுவர். இந்தப் பக்கம் ஆம்பிளைங்க, அந்தப் பக்கம் பொம்பளைங்க. சுவரோரமா பெஞ்சுல மாப்பிள்ளை, பக்கத்துல நான். சுவருக்கு அந்தப்புறம் எங்க அம்மா, செண்பகம், அவளை ஒட்டி வடிவம்மாள். இடைவேளையில லைட்டைப் போட்டா ஊரே வேடிக்கை பாக்கும். அதனால திட்டம் என்னன்னா, படத்துக்கு முன்னாடி நியூஸ் ரீல் ஓடும்ல, அந்தத் திரை வெளிச்சத்துல பாத்துக்கணும். வடிவம்மாள் விசிறியைத் தூக்குவாங்க. நான் மாப்பிள்ளையை முழங்கையால இடிக்கணும். மாப்பிள்ளை இடதுபக்கம் திரும்பணும்.

நியூஸ் ரீல் ஓடுச்சு. எங்கயோ அணையைத் திறந்தாங்க. ஒரே இருட்டுப் படம், ஒண்ணும் தெரியல. முடிஞ்சுது. திடீர்னு திரையில பளீர்னு வெளிச்சம். ஒரு மேளச் சத்தம். கொட்டகை முழுக்க விசில். தரை டிக்கெட்டு ஆளுங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு, "வந்துட்டாரு பண்ணையாரு!"ன்னு கத்துறாங்க. யாருடா பண்ணையாருன்னு பாத்தா, ஒரு நீர்யானை.

தோள்ல துண்டு. கையில சோப்பு டப்பா. ஆடி அசைஞ்சு குளிக்கப் போகுது. அதுக்கு வேற ஆசையே கிடையாது அண்ணாச்சி, குளிக்கணும், அவ்வளவுதான். கதவைத் திறந்தா, தொட்டிக்குள்ள ஒரு வாத்து. தலையில குல்லா மாட்டிக்கிட்டுத் தூங்குது. நீர்யானை நல்ல மனுசன். எழுப்பாம, பூ மாதிரித் தூக்கி, வெளிய வச்சு, கதவைச் சாத்திட்டுத் திரும்புது. தொட்டிக்குள்ள வாத்து. குறட்டை விடுது. மறுபடி தூக்குது, சன்னல் வழியா வெளிய வச்சு, சன்னலுக்குப் பலகை அடிக்குது. டொக்கு டொக்குன்னு அடிக்குது. ஆணி தீந்துபோச்சு, கையை நீட்டுது. பக்கத்துலருந்து யாரோ ஆணி எடுத்துக் குடுக்குறாங்க. வாங்கி அடிக்குது. அப்புறம்தான்... யாரு குடுத்ததுன்னு... மெதுவா... கழுத்து மட்டும் திரும்பி...

இருங்க. இருங்க அண்ணாச்சி. இந்த இருமல்.

ஒண்ணுமில்ல சிஸ்டர். இருமல். ஆமாம்மா, கண்ணுல தண்ணி வந்துருச்சு. மருந்து வழிஞ்சிருச்சா? திரும்ப விடணுமா? விடுங்க.

எங்க விட்டேன்? ஆணி. சரி, அதை விடுங்க. வாத்தை ஒரு பெட்டியில போட்டு, தபால்தலை ஒட்டி, வேற தேசத்துக்கு அனுப்பிருது. தபால்காரன் போன வேகத்துல திரும்பி வர்றான், பெட்டியைத் திறந்தா அதே வாத்து, கூட ஒரு பொண்டாட்டி, ஏழெட்டுக் குஞ்சு, எல்லாம் துண்டோட வருது. கடைசியில தொட்டி நிறைஞ்சு, வீடு நிறைஞ்சு, சுவர் உடைஞ்சு, வெள்ளத்துல தொட்டி தெருவுல ஓடுது. மலை உச்சி வருது. தொட்டி நின்னுருச்சு, நீர்யானை நிக்கல. அது பாட்டுக்கு ஆகாசத்துல நடந்து போகுது, முதுகு தேச்சுக்கிட்டே. கீழ தரை இல்ல. அதுக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் விழாது! அதான் இதுல விசேசம். பாத்தாத்தான் விழும். கொட்டகையே, "பாக்காதடா பண்ணையாரே, பாக்காத!"ன்னு கத்துது. பாத்துருச்சு. கீழ விழுந்து அப்பளமாப் போச்சு. அந்த வாத்து வந்து, அப்பளத்தைப் பாய் மாதிரிச் சுருட்டி, தொட்டியில போட்டு, தண்ணி ஊத்துது. ஊறி ஊறி நீர்யானை திரும்ப முழுசா வந்துருச்சு. கடைசியில ரெண்டும் ஒரே தொட்டியில தூங்குதுங்க. குல்லாவை வாத்து நீர்யானைக்குக் குடுத்துருச்சு.

இதுல என்ன இருக்குன்னு சனம் இப்படிச் சிரிக்குது? நானும் யோசிச்சுப் பாத்தேன். நெசத்துல விழுந்தவன் விழுந்தவன்தான் அண்ணாச்சி. எங்க அப்பா கடை வாசல்ல விழுந்தாரு, எந்திரிக்கல. அங்க மட்டும் எத்தனை தடவை விழுந்தாலும் எந்திரிக்கிறான். தண்ணி ஊத்துனா போதும். அது பொய்தான். பொய்யின்னு தெரிஞ்சும் சனம் சிரிக்குது, பைத்தியக்கார சனம்.

சரி. திரையில அழுகைப் படம் ஆரம்பிச்சுருச்சு. ராத்திரி, மழை, இருட்டு. ஒரு முகம் தெரியல. அப்பத்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, நான் மாப்பிள்ளையை இடிக்கவே இல்ல. இடிச்சுட்டேன்னுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். என் கை என் விலாவைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, இருமல்னால. கார்ட்டூன் முடிஞ்சு பாதிக் கொட்டகை எந்திரிச்சு வீட்டுக்குப் போகுது, அழுகைப் படத்துக்கு எவன் உக்காருவான்? அந்தக் கூட்டத்தோட நாங்களும் வெளிய வந்தோம். வடிவம்மாள் ஒரு வேப்பமரத்தடியில மகனை நிறுத்திக் கேட்டாங்க.

"பொண்ணைப் பாத்தியாலே?"

மாப்பிள்ளை கல்லு மாதிரி நின்னான். பொய் சொல்லத் தெரியாத பையன்.

"இல்லம்மா. தொட்டி வந்துருச்சு."

"விசிறியை எம்புட்டு நேரம் தூக்கிக்கிட்டே இருந்தேன், கை விழுந்து போச்சு. பாக்காம என்னத்தைப் பாத்த?"

"ஆணி எடுத்துக் குடுத்துச்சுல்ல, அப்ப திரும்பலாம்னு இருந்தேன். அதுக்குள்ள தபால்காரன் வந்துட்டான்"னான். முகத்துல ஒரு அசைவு இல்ல. நிலத்துக்கு எல்லை சொல்ற மாதிரிச் சொல்றான்.

ஆனா வடிவம்மாளுக்கு செண்பகத்தைப் பிடிச்சுப்போச்சு. எதுனாலன்னு நினைக்கிறீங்க? "பொண்ணு இளகின மனசு மதினி. படம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சேலையை வாயில வச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதா. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்ல. கண்ணு ரெண்டும் கோவைப்பழம்"னு எங்க அம்மாகிட்ட சொல்றாங்க. எங்க அம்மா என்னைப் பாத்தாங்க. நான் வேப்பமரத்தைப் பாத்தேன். எதுக்கு மறுத்துப் பேசணும்? அடுத்த சனிக்கிழமை திரும்பப் பாக்குறதுன்னு முடிவாச்சு.

இந்தத் தடவை வடிவம்மாள் கறாராச் சொல்லிட்டாங்க. பொம்பளைங்க ஒரு வரிசை பின்னால உக்காரணும், மாப்பிள்ளை திரையைப் பாக்கவே கூடாது, பெஞ்சுல திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உக்காரணும். யாராவது கேட்டா கழுத்து சுளுக்கு. நான் அவனுக்கு எதிர் பெஞ்சு. அதே கார்ட்டூன் ஆரம்பிச்சுது. மாப்பிள்ளை என் முகத்தையே உத்துப் பாக்குறான். சுவர்ப் பக்கம் திரும்ப மாட்டேங்குறான். கையைக் காட்டினேன், சாடை காட்டினேன், அந்தப் பக்கம் பாருங்கன்னு வாயசைச்சேன். இமைக்காம என்னையே பாக்குறான். எனக்கு ஒரு பக்கம் பெருமையாக்கூட இருந்துச்சு, பெரிய மனுசனை மதிக்கத் தெரிஞ்ச பையன்னு. முடிஞ்சு வெளிய வந்ததும் எங்கிட்ட வந்தான்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் துடைச்சுப் போட்டிருக்கலாம்."

"எதுக்கு மாப்பிள்ளை?"

"மலை உச்சி வரைக்கும் ரெண்டு கண்ணாடியிலயும் நல்லாத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நீங்க சிரிச்சுக் குலுங்குனதுல படம் ஆடிருச்சு. வாத்து சுருட்டுனதை நான் இந்தத் தடவை பாக்கவே இல்ல."

"நான் சிரிக்கல மாப்பிள்ளை. அது இருமல்."

"அப்படியா"ன்னுட்டுப் போயிட்டான்.

அன்னைக்குத் திரும்பி வர்றப்ப பஸ்ஸுல செண்பகம் சன்னலோரமா உக்காந்திருந்தா. நல்லிங்கிற ஊரைத் தாண்டுனதும் மெதுவாச் சொன்னா.

"அண்ணே, எனக்கு இந்த இடம் வேண்டாம்."

"ஏன்?"

"அந்தம்மா நான் அழுவேன்னு நினைச்சு என்னைக் கட்டுறாங்க. அவங்க வீட்டுக்குப் போயி காலம் பூரா இப்படி வாயில துணியை அடைச்சுக்கிட்டு இருக்கணுமா?"

"தாலி ஏறுற வரைக்கும் அடக்கிக்கிறது. அப்புறம் பழகிரும்."

"உனக்குப் பழகிருச்சாண்ணே?"ன்னு கேட்டா. என்ன கேள்வி அது? எனக்கு விளங்கல. அவளே மேல பேசுனா. "நான் அவரைப் பாத்தேன், ரெண்டு நாளும் பாத்தேன். முகம் அசையவே இல்ல. அந்த நீர்யானை ஆகாசத்துல நடக்குதே, அதைப் பாத்தும் சிரிக்காத ஆளோட நான் என்னத்தைப் பேசுவேன்? அவருக்குச் சோறு போடுவேன். அம்புட்டுதானே?"

இதுவும் போச்சுன்னா அடுத்த இடம் வராது, தரகரே சொல்லிட்டாரு. ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை வா தாயின்னு கெஞ்சினேன். சரின்னா. ஆனா அவ முகத்துல தெளிவு இல்ல.

அப்ப நான் உக்காந்து நிதானமா யோசிச்சேன். வினையெல்லாம் எங்கருந்து வருது? அந்த நீர்யானைகிட்டருந்து. மாப்பிள்ளை பொண்ணைப் பாக்க முடியல, தங்கச்சி வாயை மூட முடியல, எனக்கு இருமல் நிக்கல. அதை நிறுத்திட்டா எல்லாம் அடங்கிரும். மூணாவது சனிக்கிழமை சீக்கிரமாவே கிளம்பிப் போயி, ஆபரேட்டர் ரூமுக்கு ஏறுனேன். படம் ஓட்டுறவர் பேரு ஜேக்கப். இன்னைக்கு ஒரு நாள் கார்ட்டூன் போடாதீங்கன்னேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு.

"அண்ணாச்சி, விளையாடுறீங்களா? சனம் வர்றதே அதுக்குத்தான். போடாட்டி என்னைத் திரையில வச்சு அறைஞ்சுருவாங்க."

"ஒரு பொண்ணோட வாழ்க்கை ஜேக்கப்பு."

"நீர்யானைக்கும் பொண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?"

எல்லாத்தையும் சொன்னேன். கண்ணுல தண்ணி விட்டே சொன்னேன். அந்த மனுசன் இளகிட்டாரு. நியூஸ் ரீல் முடிஞ்சதும் நேரா படத்தைப் போட்டுடுறேன், அப்புறம் உங்க பாடுன்னாரு.

உக்காந்தோம். முதல் தடவை மாதிரியே, சுவரோரம் மாப்பிள்ளை, பக்கத்துல நான். சுவருக்கு அந்தப்புறம் செண்பகம், தலையைக் குனிஞ்சுக்கிட்டு, இன்னையோட முடிஞ்சுதுங்குற மாதிரி. நியூஸ் ரீல் ஓடுச்சு. அணையை மூடுனாங்க. முடிஞ்சுது. தரை டிக்கெட்டு எந்திரிச்சு நின்னுருச்சு, விசிலடிக்க விரலை வாயில வச்சிருச்சு. திரையில என்ன வருது? மழை. இருட்டு. வீணை அழுகுது. கதாநாயகி இருமுறா.

ஒரு நொடி சத்தமே இல்ல. கொட்டகை முழுக்க தரை இல்லாத ஆகாசத்துல நிக்கிற மாதிரி நின்னுச்சு. அப்புறம் விழுந்துச்சு பாருங்க! பெஞ்சைத் தட்டுறாங்க, தகரத்தைத் தட்டுறாங்க, செருப்பு பறக்குது, கதாநாயகி மூஞ்சியில வேர்க்கடலைத் தோல். "பண்ணையாரு எங்கடா? கார்ட்டூன் போடுறா!" என் காதுக்குப் பக்கத்துல எவனோ ஒருத்தன் எல்லாரையும் விட உரக்கக் கத்துறான், தொண்டை கிழியிற மாதிரி. யாருன்னு சுத்திமுத்திப் பாத்தேன், தெரியல. மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு, ரெண்டு நாளு பேச்சு வரல. இருமல் அம்புட்டுக் கடுமை அன்னைக்கு.

அந்தக் களேபரத்துல பக்கத்துல திரும்பிப் பாக்குறேன், மாப்பிள்ளையைக் காணோம். நிமிந்து பாத்தா, பெஞ்சு மேல நிக்கிறான். சர்வேயர் தனுஷ்கோடி! சட்டை கசங்காத பையன்! ரெண்டு கையையும் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, "போன தடவை வாத்து சுருட்டுனதை நான் பாக்கலடா! போடுங்கடா!"ன்னு கத்துறான். நான் வேட்டியைப் பிடிச்சு இழுக்கப் போனேன். அப்ப சுவருக்கு அந்தப்புறத்துலருந்து ஒரு விசில் வந்துச்சு.

சாதாரண விசில் இல்ல அண்ணாச்சி. கூரைத் தகரத்துல பட்டுத் திரும்பி வந்துச்சு. கத்துன சனம் பாதி வாயை மூடி யாருன்னு பாக்குது. எனக்குப் பாக்காமலே தெரியும். அந்த விசிலை அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான், அப்பா இருந்த காலத்துல. செண்பகம் பெஞ்சு மேல நிக்குறா. ரெண்டு விரல் வாயில, முந்தானை இடுப்புல. வடிவம்மாள் வாயைப் பிளந்து அண்ணாந்து பாக்குறாங்க. மாப்பிள்ளை திரும்புனான்.

நான் இடிக்கல. விசிறி தூக்கல. அவனாத் திரும்புனான்.

அவனும் பெஞ்சு மேல, அவளும் பெஞ்சு மேல. நடுவுல அந்த இடுப்பளவு சுவர், இப்ப அது யாருக்கும் மறைப்பா இல்ல. ரெண்டு பேரும் கையைத் தூக்குன வாக்குல அப்படியே நிக்குறாங்க. அந்த நேரம் பாத்து ஜேக்கப் பயந்து போயி படத்தை நிறுத்திட்டு நீர்யானையை விட்டுட்டாரு. பளீர்னு வெளிச்சம். ரெண்டு முகமும் பட்டப்பகல் மாதிரித் தெரியுது. கொட்டகை பூரா திரையைப் பாத்துக் கத்துது, இவங்க ரெண்டு பேரு மட்டும் திரையைப் பாக்கல.

செண்பகம்தான் முதல்ல சிரிச்சா. சேலை கீலை ஒண்ணும் வாயில வைக்கல. அவளோட சிரிப்பு, முழுச் சிரிப்பு, சாத்தூர் பூராவும் கேட்டிருக்கும். நான் கண்ணை மூடிக்கிட்டேன், தொலைஞ்சுது, இந்த இடமும் போச்சுன்னு. அப்ப இன்னொரு சத்தம் கேட்டுச்சு. தண்ணி வராத அடிபம்பை அடிச்சா எப்படி இருக்கும், க்ராங், க்ராங்னு, அந்த மாதிரி. கண்ணைத் திறந்தேன். மாப்பிள்ளை சிரிக்கிறான். எத்தனையோ வருசமா அடிக்காத பம்பு அது. ரெண்டு மூணு அடிக்கு வெறும் காத்துதான் வந்துச்சு. அப்புறம் தண்ணி வந்துருச்சு அண்ணாச்சி. நிக்கவே இல்ல. சிரிக்கச் சிரிக்கக் கண்ணைத் துடைச்சுக்கிறான், செண்பகத்தைப் பாக்குறான், திரும்பவும் சிரிக்கிறான்.

சுவரைத் தாண்டி வடிவம்மாளைப் பாத்தேன். மன்னிச்சுருங்க அத்தை, பொண்ணு அழலை, நான்தான் சொல்லாம விட்டுட்டேன்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா கையைக் காட்டி என்னை நிறுத்துனாங்க. மகன் சிரிக்கிறதையே கொஞ்ச நேரம் பாத்தாங்க. அவங்க கண்ணு நிறைஞ்சிருந்துச்சு. அப்புறம் செண்பகத்தைக் காலுலேருந்து தலை வரைக்கும் ஒரு தடவை பாத்தாங்க. எங்க அம்மா பக்கம் திரும்பி, அதே கறாரான குரல்ல சொன்னாங்க:

"மதினி, நாளைக்குப் பூ வைக்க வர்றோம். இப்ப ரெண்டையும் உக்காரச் சொல்லுங்க. மறைக்குது."